கெர்னல் அவர்களுக்கு ஓர் ஆட்சேபணை மனு

அனுப்புநர்: மனு எழுதுபவன், தாலுகா ஆபீஸ் எதிர்ப்புறம், ஸ்ரீபெரும்புதூர்.

பெறுநர்: உயர்திரு லினக்ஸ் கெர்னல் அவர்கள், நினைவக மேலாண்மைப் பிரிவு, முகாம்: எல்லாக் கம்ப்யூட்டர்களிலும்.

பொருள்: நினைவகம் – முடிந்துபோன புரோகிராமிடமிருந்து உடனுக்குடன் திரும்ப எடுத்தல் – நடைமுறை மீறல் – ஆட்சேபணை தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை, உற்பத்தி நின்ற நாள் 1.11.2014.

ஐயா,

பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, நில எடுப்பில் கூடுதல் இழப்பீடு என்று நாள் முழுக்க அடுத்தவர் சார்பில் "பணிவுடன் கேட்டுக்கொள்பவன்" நான். என் மகன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறான். லீவு நாளில் லேப்டாப்பைத் திறந்து, புரோகிராம்களுக்கு மெமரியைப் பங்கிட்டுத் தரும் தங்கள் நிர்வாகத்தை எனக்குக் காட்டினான். பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு புரோகிராம் ஒரு ஜிபி மெமரி கேட்டது. கேட்ட மாத்திரத்தில் "தந்தோம்" என்றீர்கள். ஆனால் உண்மையில் ஒரு பைசாவும் தரவில்லை. அது ஒவ்வோர் இடமாக எழுதத் தொடும்போதுதான், 4,096 பைட் கொண்ட பக்கம் பக்கமாக எடுத்துக் கொடுக்கிறீர்கள். இருப்பதற்கு மேலேயே வாக்குக் கொடுத்து வைப்பதும் உண்டாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒதுக்கீட்டு ஆணை வேறு, இடம் கைக்கு வருவது வேறு என்பதை ஒருவர் சொல்லிக்கொடுத்தா தங்களுக்குத் தெரிந்திருக்கும்?

அடுத்ததும் பழகிய வழிதான். புரோகிராம் "இது எனக்கு வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தாலும் அது நேரே தங்களிடம் வந்து சேர்வதில்லை. நடுவில் ஜிலிப்சி (glibc) என்ற லைப்ரரி ஓர் ஏஜென்ட். சில்லறைத் துண்டுகளை, திரும்பக் கேட்டால் கொடுக்கலாம் என்று தன் கையிலேயே வைத்துக்கொள்கிறார். வழக்கமாக 128 கிலோபைட்டுக்கு மேற்பட்ட பெரிய துண்டு என்றால்தான் உடனே தங்களிடம் ஒப்படைக்கிறார். ஏஜென்ட் இல்லாமல் எந்த இடமும் கைமாறாது என்பதை மேலிடமே ஒப்புக்கொண்டிருப்பதில் எங்கள் வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டுப் புரோக்கர்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பிறகுதான் விபரீதம். மகன் கன்ட்ரோல்-சி அழுத்தினான். புரோகிராம் முடிந்தது. அது வாங்கியது, வாங்கி மறந்தது, பையன்கள் லீக் என்று சொல்கிற கணக்கில் வராத கடன், அத்தனையும் கண் இமைப்பதற்குள் தங்கள் வசம் வந்துவிட்டது! எங்கள் அ-பதிவேடு மாதிரி, எந்தெந்தப் பகுதி யார் பெயரில் என்று தாங்கள் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறீர்களாம். அதைத் திறந்து வரிசையாக விடுவிக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை வேறு யாரும் வைத்திருக்கிறார்களா என்று எண்ணிக்கை பார்க்கிறீர்கள். எண்ணிக்கை பூஜ்யமா, எடுத்துக்கொள்கிறீர்கள். நோட்டீஸ் எங்கே? வாரிசு விசாரணை எங்கே? தடையாணை வாங்க ஒரு வக்கீல் வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூட நேரம் தரவில்லையே!

பார்வையில் கண்ட ஆலையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். 2006இல் திறந்தது. நல்ல நாளில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். பெரும்பாலும் வெளி மாவட்டத்துப் பெண்பிள்ளைகள். 2013இல் வருமான வரித்துறை சுமார் 2,000 கோடி ரூபாய்க்கு நோட்டீஸ் கொடுத்தது. காரணம், கைப்பேசிக்குள் ஏற்றும் சாஃப்ட்வேருக்காகப் பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்பது. ஆக, வழக்குக்கே மூலம் தங்கள் சாதிசனம்தான் என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன். சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குப் போனபோது, இந்த ஆலை மட்டும் வழக்கில் சிக்கி இங்கேயே நின்றது. கொஞ்ச காலம் மைக்ரோசாஃப்டுக்கே ஆர்டர் எடுத்துச் செய்தது. அதுவும் நின்றது. புரோகிராம் முடிந்தது, மெமரி விடுபடவில்லை. சால்காம்ப் கம்பெனி அந்த இடத்தை வாங்குகிறது என்ற அறிவிப்பு வந்தது 2019 நவம்பரில். ஐந்து வருடம்! பதற்றமில்லாத நிர்வாகம் என்றால் இது.

தாங்கள் இன்னொன்றும் செய்கிறீர்கள். ஒருவரிடமிருந்து எடுத்த பக்கத்தை அடுத்தவருக்குக் கொடுக்குமுன் முழுக்கப் பூஜ்யமாக்கிவிடுகிறீர்கள். முன்பு இருந்தவர் எழுதிய ஓர் எழுத்துகூட மிஞ்சாது. இதில் மட்டும் ஆட்சேபணை இல்லை. அந்த ஆலைக் கட்டடம் என்ன ஆயிற்று என்று கேட்டு என் கடைக்குப் பலர் வந்ததுண்டு. அந்த 8,000 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டு ஒரு மனுவும் நான் எழுதியதில்லை.

மெமரி தட்டுப்பாடு வந்தால் ஒரு புரோகிராமைத் தேர்ந்தெடுத்து 9ஆம் எண் சிக்னல் கொடுத்துக் கொன்றுவிடுகிறீர்கள் என்றும், செத்தவருக்கு அது தெரியக்கூட வாய்ப்பில்லை என்றும் மகன் சொன்னான். இது எங்கள் கான்ட்ராக்ட் பிள்ளைகளுக்குப் புரியும். காலை ஷிப்டுக்குப் போய் கேட்டில் கார்டைக் காட்டுவார்கள், பச்சை விளக்கு எரியாது.

நல்ல முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. 1985இல் வந்த அமிகா கம்ப்யூட்டரில், புரோகிராம் தானாகத் திருப்பித் தராமல் முடிந்தால் அந்த மெமரி போனது போனதுதான். மெஷினை அணைத்துப் போடும்வரை யாருக்கும் இல்லை. இன்றும் சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஓடும் ஃப்ரீ ஆர்டிஓஎஸ் ஒரு டாஸ்க்கை நீக்கும்போது, அந்த டாஸ்க் தானே கேட்டு வாங்கிய மெமரியைத் தொடுவதில்லை. ஏன், தங்கள் ஆட்சியிலேயே சிஸ்டம் ஃபைவ் பகிர்வு நினைவகம் என்று ஒன்று உண்டு. உண்டாக்கியவர் செத்தாலும் அது அப்படியே கிடக்கும். யாராவது நினைவு வைத்து நீக்க வேண்டும், இல்லையேல் மெஷினை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதை விரிவாக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஆகவே, இனி எந்தப் புரோகிராம் முடிந்தாலும் வி.ஏ.ஓ. சான்று, இரண்டு துறைகளின் தடையில்லாச் சான்று, ஓர் உயர்மட்டக் குழு அறிக்கை ஆகியவை வரும்வரை அதன் மெமரியை முடக்கி வைக்கவும், அதுவரை சுற்றிலும் வேலி போட்டு ஒரு வாட்ச்மேனை நியமிக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனு எழுதுபவன்.

நகல்: விண்டோஸ் கெர்னல் அவர்கள் (தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்).