பாரிஸ் மேடையும் சோளகக் காற்றும்: உடை பற்றிய வாசகர் கேள்வி–பதில்

மடத்துவெளி வாசகி: பாரிஸில் பனிக்காலத்துக்கென்று வெட்டிய கோட்டைப் பார்த்து, வெயிலில் வாடும் மடத்துவெளிப் பெண் எதைக் கற்றுக்கொள்ள முடியும்?

பதில்: பருவத் தொகுப்பு என்பது ஒரு வடிவமைப்பாளர் வரவிருக்கும் அரையாண்டை மனத்தில் வைத்து, ஓர் எண்ணத்தைச் சுற்றி உருவாக்கி, ஒரே மேடையில் காட்டும் உடைகளின் வரிசையாகும். இளவேனில்–கோடைத் தொகுப்புகள் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலும், இலையுதிர்–குளிர்காலத் தொகுப்புகள் பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும் நியூயோர்க், லண்டன், மிலான், பாரிஸ் என்ற வரிசையில் காட்டப்படுகின்றன. இப்படி முன்கூட்டியே காட்டுவதற்குக் காரணம், மேடையைப் பார்த்துக் கடைக்காரர் கேட்கும் உடைகளுக்குத் துணி வாங்கி, வெட்டி, தைத்து அனுப்ப மாதக்கணக்கு ஆவதே. யாழ்ப்பாணத்துத் தீவகத்திலோ பருவத்தைப் பிரிப்பது குளிர் அன்று, காற்று: மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீச, மாரிக்குப் பின்னால் வடகிழக்கிலிருந்து வாடை வருகிறது. ஆகவே எந்தத் தொகுப்பைப் பார்த்தாலும் மடத்துவெளிப் பெண் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இந்த உடை கடலுக்கு நடுவே செல்லும் வாணர் பாலத்தில், மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் என்ன செய்யும் என்பதுதான். அகன்று விரியும் பாவாடை அங்கே பாய்மரமாகிவிடும். குளிர்காலக் கோட்டின் மூடிய கழுத்தும் மணிக்கட்டுவரை இறங்கும் கையும் மெல்லிய பருத்தியில் தைக்கப்பட்டால், அதே பாலத்தில் வெயிலையும் உப்புக்காற்றையும் தடுக்கும். கோட்டை விட்டுவிட்டு அதன் கழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளத் தெரிந்தவருக்குப் பனிக்காலத் தொகுப்பும் பாடமே.

வேலணை வாசகி: மேடையில் வருகிற உடைகளில் பாதியைச் சந்தைக்கும் உடுத்திப் போக முடியாது, சாமத்தியச் சடங்குக்கும் உடுத்திப் போக முடியாது. பிறகு எதைப் பார்ப்பது?

பதில்: உடையைப் பார்ப்பதைவிட அதன் உருவரையைப் பார்க்க வேண்டும். உருவரை என்பது உடை அணிந்த உடல் தூரத்திலிருந்து காட்டும் வெளிக்கோடு. இடை எங்கே ஒடுங்குகிறது, தோள் எவ்வளவு அகல்கிறது, பாவாடையின் விளிம்பு காலில் எந்த இடத்தில் நிற்கிறது என்பவை அதனை முடிவுசெய்கின்றன. 1947 பெப்ரவரி 12 அன்று வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் டியோர் பாரிஸில் காட்டிய முதல் தொகுப்பு இதற்குச் சிறந்த சான்றாகும். போர்க்காலப் பங்கீட்டினால் குறுகிப்போயிருந்த உடைகளுக்கு நடுவே, அவர் இடையை இறுக்கி, தோளை மென்மையாக்கி, பல மீற்றர் துணியைப் பாவாடையில் விரித்தார்; அந்த உடைகளை ஒருநாளும் வாங்க வசதியற்ற பெண்களும் அடுத்த சில ஆண்டுகளில் அந்த வெளிக்கோட்டைத் தங்கள் தையல் இயந்திரங்களில் தைத்துக்கொண்டனர். ஒரு தொகுப்பை முழுவதும் பார்த்தபின், அதில் மீண்டும் மீண்டும் வருவது எது என்று கவனித்தால் வடிவமைப்பாளர் சொல்ல வந்தது தெரியும். அந்த ஒன்று தன் உடலுக்கும் நடைக்கும் பொருந்துமா என்று கேட்டால் தனக்குரியது தெரியும். சாமத்தியச் சடங்குக்கு மேடை உடை வேண்டியதில்லை. அதன் கைநீளம் சாறிச் சட்டைக்கு வந்தாலே போதும்.

ஊர்காவற்றுறை வாசகி: தையற்காரரிடம் படத்தைக் காட்டினால், படத்தில் இருப்பது ஒன்று, கைக்கு வருவது வேறொன்று. பிழை யாருடையது?

பதில்: பெரும்பாலும் பிழை துணியுடையது. 1920களில் மடலேன் வியோனே என்ற பாரிஸ் வடிவமைப்பாளர் துணியை நேர்வாட்டத்தில் வெட்டாமல், பாவுநூலுக்கு 45 பாகை சரிவாக, அதாவது குறுக்குவாட்டத்தில், வெட்டும் முறையைப் பெரிதும் வளர்த்தெடுத்தார். அப்படி வெட்டிய துணி உடலோடு ஒட்டி நீண்டு தளர்ந்து விழும். ஊடகங்களில் தெரியும் வழிந்தோடும் பாவாடைகள் பலவற்றின் இரகசியம் இதுவே. அதே படத்தைக் காட்டி விறைப்பான துணியை நேர்வாட்டத்தில் வெட்டக் கொடுத்தால், எவ்வளவு தேர்ந்த கையும் அந்த வழிந்தோடலைக் கொண்டுவர இயலாது. குறுக்குவாட்டத்துக்குக் கூடுதலான துணி தேவை என்பதால், துணி எடுக்கும் முன்பே தையற்கடையில் கேட்டுக்கொள்வது நல்லது. படத்தோடு, உடலுக்கு நன்றாகப் பொருந்துகின்ற பழைய சட்டையொன்றையும் அளவுக்குக் கொடுத்து, அதிலிருந்து மாற வேண்டியவற்றை மட்டும் சொல்ல வேண்டும்: கழுத்து எத்தனை அங்குலம் இறங்க வேண்டும், கை எங்கே முடிய வேண்டும், தையல் தோளில் வருவதா அதற்குக் கீழே வருவதா. படம் ஆசையைச் சொல்லும். அளவுச் சட்டை உடலைச் சொல்லும். தையற்காரருக்கு இரண்டும் தேவை.

புங்குடுதீவு வாசகி: இந்தப் பருவத்தின் நிறம் இதுதான் என்று எங்கோ ஒருவர் அறிவிக்கிறார். அந்த நிறம் மாநிறத்துக்குப் பொருந்தாவிட்டால் பருவத்தை மாற்றுவதா, தோலை மாற்றுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம், நிறத்தைத் தேடும் இடத்தை மாற்றினால் போதும். இலங்கை வடிவமைப்பாளர் பார்பரா சன்சோனி (1928–2022) கன்னியர் மடமொன்றில் நெசவு கற்ற பெண்களுக்குக் கைத்தறி வடிவங்களை வரைந்து கொடுக்கத் தொடங்கி, 1964இல் கொழும்பில் பெயார்ஃபுட் கைத்தறி நிறுவனத்தை நிறுவியபோது, தம் நிறங்களை இலங்கையின் இலையிலும் கடலிலும் மண்ணிலும் கண்டார். அந்தத் துணிகள் இன்று எந்த அலுமாரியிலும் இலங்கைத் துணி என்று அடையாளம் காணப்படுவதற்கு அதுவே காரணம். தீவக வேலிகளில் நிற்கும் பூவரசையே எடுத்துக்கொள்ளலாம்: காலையில் வெளிர்மஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டோடு விரியும் பூ, மாலைக்குள் செம்மையும் ஊதாவும் கலந்து வாடிவிடுகிறது. மஞ்சட் சாறி, கருஞ்சிவப்புச் சட்டை, இலைப்பச்சைக் கரை என்ற சேர்க்கை ஒரே மரத்தில் ஒவ்வொரு நாளும் கிடைக்கிறது. அது அந்த வெயிலிலேயே பிறந்த சேர்க்கையாதலால், அந்த வெயிலில் நிற்கும் தோலுக்கும் பொருந்தும்.

நெடுந்தீவு வாசகி: கோடைத் தொகுப்புகள் எல்லாம் வெள்ளை லினன். உவர்க்கிணறு இதற்குச் சம்மதிக்குமா?

பதில்: லினன் ஆளி என்னும் செடியின் தண்டு நாரிலிருந்து நெய்யப்படும் துணி, வியர்வையை விரைவில் உறிஞ்சி விரைவில் உலர்வதால் வெப்ப நாடுகளுக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் உப்பும் சுண்ணாம்பும் கலந்த நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் படிவாக மாறித் துணியில் தங்குவதால், வெள்ளை மங்கி விறைத்துப்போகிறது. சேமித்த மழைநீரில் கடைசி அலசலைச் செய்வது இதற்கு நல்ல தீர்வு. அதற்கு வழியில்லாத வீட்டில் வெள்ளைக்குப் பதிலாகச் சாயமேற்றாத இயற்கைப் பருத்தி நிறமோ மணல் நிறமோ அதே குளிர்ச்சியைத் தரும், மங்கலையும் காட்டாது. வெளுக்கும் நீரை எண்ணிப் பாராமல் எடுத்த உடை எவ்வளவு அழகாக இருந்தாலும் விரைவில் பெட்டியின் அடிக்குப் போய்விடும்.

நயினாதீவு வாசகர்: எல்லாக் கேள்விகளும் பெண்களுடையவையாகவே இருக்கின்றன. சாறம் கட்டும் ஆண்களுக்கு இந்த மேடையில் இடமுண்டா?

பதில்: இடம் மட்டுமன்று, முன்னுரிமையும் உண்டு. 1985ஆம் ஆண்டுக்கான இளவேனில்–கோடைத் தொகுப்பில் வடிவமைப்பாளர் ஜான் போல் கோல்தியே ஆண்களுக்குப் பாவாடை அணிவித்தபோது ஐரோப்பா திகைத்தது. குறிகட்டுவான் இறங்குதுறையில் அன்றும் ஆண்கள் சாறத்தோடுதான் படகேறினார்கள். சென்னையைச் சுற்றியுள்ள தறிகளில் நெய்யப்பட்ட, துவைக்கத் துவைக்கச் சாயம் ஒன்றோடொன்று கலக்கும் மெட்ராஸ் கட்டத்துணியும், 1950, 60களில் அமெரிக்க இளைஞர் விரும்பி அணிந்த கோடைச் சட்டையாயிற்று; கலங்கும் சாயமே அதன் சிறப்பாக விளம்பரப்படுத்தப்பட்டது. நல்லூர்க் கோயிலுக்கு மேலாடையின்றிச் செல்லும் ஆணுக்கு வேட்டியின் கரையும் சால்வையை இடுப்பில் கட்டும் நேர்த்தியுமே முழு உடையாகின்றன; இவ்வளவு குறைந்த துணியில் இவ்வளவு கம்பீரத்தை அறிந்தவர்கள், மேடையிலிருந்து கட்டங்களின் அளவையும் கரையின் அகலத்தையும் மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

யாழ்ப்பாண வாசகர்: பிறநாட்டு மேடையைப் பார்த்து உடுத்தினால் மரபு கெடாதா?

பதில்: இன்று மரபு என்று போற்றப்படும் உடையிலும் இத்தகைய கற்றலே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாகூர் குடும்பத்தைச் சேர்ந்த ஞானதானந்தினி தேவி பம்பாயில் பார்சிப் பெண்கள் சேலை உடுத்தும் முறையைக் கண்டு, அதனைத் தமக்கேற்ப மாற்றி, உள்ளே சட்டையும் பாவாடையும் சேர்த்து வங்காளத்தில் பரப்பினார். பின்னாளில் இந்தியாவின் பல மாநிலப் பெண்கள் சேலை உடுத்திய விதத்தில் அதன் தடம் உண்டு. கெடுதல் வருவது பார்த்துக் கற்பதினால் அன்று, பெயர் சொல்லாமல் எடுப்பதினால். 2025 ஜூனில் மிலானில் பிராடா நிறுவனம் காட்டிய ஆண்கள் தொகுப்பில் கோலாப்பூர்ச் செருப்பைப் போன்ற காலணிகள் அதன் பிறப்பிடம் சொல்லப்படாமல் வந்தபோது, மகாராட்டிரக் கைவினைஞர்கள் எதிர்த்தனர். அதன்பின் அந்நிறுவனம் மூலத்தை ஒப்புக்கொண்டது. இரு திசையிலும் நீதி ஒன்றே: எடுத்த இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், நெய்தவருக்குக் கூலி சேர வேண்டும்.

லா சப்பல், பாரிஸ் வாசகி: பேஷன் நகரத்திலேயே வாழ்ந்தும், மாசி மாதக் கலியாணத்தில் சாறிக்கு மேலே விளையாட்டு ஜக்கெற்றோடு நிற்க வேண்டியிருக்கிறது. வழி உண்டா?

பதில்: உண்டு, அதுவும் அந்நகரத்து மேடையிலேயே உண்டு. குளிர்காலத் தொகுப்புகள் கற்பிக்கும் முதன்மையான கலை அடுக்குதல், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் உடைகளின் நீளங்களை இசைவாக அமைத்தல். இடுப்பளவில் முடியும் ஜக்கெற் கொசுவத்தை அமுக்கி உருவரையைக் கெடுக்கிறது. கணுக்காலுக்குச் சற்று மேலே முடியும், ஒரே நிறக் கம்பளிக் கோட்டு சாறியின் கரையை மட்டும் வெளியே விட்டு உடலை ஒரே நேர்கோடாக்குகிறது. சாறிச் சட்டையைக் கழுத்து உயர்த்தி, முழுக்கையோடு, தடித்த துணியில் தைப்பித்தால் மண்டபத்துள் கோட்டைக் கழற்றிய பின்னும் குளிராது. ஓகஸ்ட் இறுதியில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர்த் திருவிழாவின்போது அதே தெருக்களில் பட்டு நடப்பதைப் பாரிஸ் பார்க்கிறது. மாசியிலும் அது பார்க்கட்டும்.

மடத்துவெளி வாசகர்: ஆண்டுக்கு இரண்டு தொகுப்பென்றால் ஆண்டுக்கு இரண்டுமுறை அலுமாரியை மாற்ற வேண்டுமா?

பதில்: தேவையில்லை, மாற்றவும் கூடாது. மலிவான உடைகளை விரைவாகத் தைத்துத் தள்ளும் அவசரத்தின் விலையை, 2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் உயிரிழந்தபோது உலகம் கண்டது. கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளைத் தெரிந்த வடபகுதி வாசகருக்கு, ஒவ்வொரு தையலுக்குப் பின்னும் ஒரு கை இருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. தனிப் பாணி என்பது புதிதாய் வாங்கியவற்றின் தொகையால் உண்டாவதன்று. தனக்குப் பொருந்துவதை அறிந்து, அதனையே பலமுறை துணிவோடு அணிவதால் உண்டாவது. அடுத்த தைப்பொங்கலுக்குப் புடவைக்கடைக்குப் போகும் முன் ஒரு தொகுப்பைப் பொறுமையாகப் பார்த்து, அதிலிருந்து ஒரு கழுத்தையோ ஒரு நிறச்சேர்க்கையையோ தெரிவுசெய்து, அம்மாவின் பழைய சாறி ஒன்றை அவ்வண்ணம் தைக்கச் சொல்லி ஊர்த் தையற்காரரிடம் கொடுங்கள். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.