ஏலக்காக்கா

மார்கழி மாரி இறங்கினால் கல்முனைப் பக்கம் இரண்டு வரும். ஒன்று வெள்ளம், மற்றது ஏலக்காக்கா. வெள்ளம் வடிந்துவிடும்.

சாய்ந்தமருதில் அவர் வாத்தியார், மருதமுனையில் சாரன் வியாபாரி. நிந்தவூரில் தோணிக்குப் பங்குகாரராக இருப்பதாகக் கேள்வி. தொழில் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: ஐபிஎல் ஏலத்தில் எந்த வீரனை எந்த அணி எடுக்கும் என்று, இஷா தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணிக் கடை வாங்கில் அமர்ந்து அறிவிப்பது. அறிவிக்கும்போது குரலைத் தாழ்த்துவார். ஹைதராபாத் அணியை நடத்தும் காவ்யா மாறன் இப்போதுதான் போன் எடுத்து யோசனை கேட்டுவிட்டு வைத்தது போல இருக்கும்.

பந்தயம் மட்டும் பிடிக்கமாட்டார். "சூது ஹறாம் மகன். நான் சும்மா சொல்றன்." இதில்தான் கோளாறே. பந்தயம் கட்டுகிறவன் இரண்டு தரம் தோற்றால் வாயை மூடிக்கொள்வான். காக்காவுக்கு ஒரு சதமும் நட்டமில்லை, ஆகவே புத்தி வரவும் வழியில்லை.

அவருக்கு முதலாக இருப்பது 2008 பெப்ரவரி. மும்பையில் நடந்த முதல் ஏலத்தில் முரளிதரனைச் சென்னை 6 இலட்சம் டொலருக்கு எடுத்தது. காக்கா அதைத்தான் சொல்லியிருந்தாராம். அந்த ஒரு முதலில்தான் இத்தனை வருடமும் யாவாரம் ஓடுகிறது. அதே ஏலத்தில் பர்வீஸ் மஹ்ரூபை டெல்லி எடுத்த கதையை மட்டும் அவர் முன்னால் எடுக்கக்கூடாது. "அவன ஒருத்தனும் எடுக்கமாட்டான்" என்று அன்று சொன்னவரும் அவரேதான்.

காக்கா பிழையாகச் சொல்வது பெரிய விசயமில்லை. பிழையாகச் சொன்னது பிறகு சரியாக மாறும் விதம்தான் பார்க்க வேண்டியது. போன ஏலத்தையே எடுத்துக்கொள்வோம். நம்மட மதீஷ பத்திரணவை 2025ஆம் ஆண்டுக்கு 13 கோடி கொடுத்து வைத்திருந்த சென்னை, அந்தப் பருவம் முடிந்ததும் விட்டுவிட்டது. காக்கா சிரித்தார்.

"விட்டதெல்லாம் ஒரு விளையாட்டு மகன். குறைஞ்ச விலைக்குத் திருப்பி எடுக்கத்தான் விட்டிரிக்கான். சென்னைதான். வேற பேச்சே இல்ல."

2025 டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை, அபுதாபி. பத்திரணவைக் கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்தது. கடையே காக்காவைத் திரும்பிப் பார்த்தது. அவர் பிளேன்டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, "கொல்கத்தாக்காரன் பிழையான வேல பாத்துட்டான்" என்றார்.

புதன் சுபஹுக்கு அது இப்படி மாறியிருந்தது: "சென்னை எடுக்க விரும்பும் எண்டுதான் நான் சொன்னன். விருப்பம் வேற, எடுக்கிற வேற." வியாழன் அஸர் முடிந்து வரும்போது சென்னை காணாமல் போயிருந்தது: "பெரிய அணி ஒண்டு எடுக்கும் எண்டு சொன்னனா இல்லயா?" வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்களிடம், "கொல்கத்தா கையில காசிரிக்கி, அவனுகள்தான் தூக்குவானுகள் எண்டு முதல்ல சொன்ன ஆள் நான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூடவே 18 கோடியை நம்மட காசுக்கு மாற்றி, 60 கோடிக்கு மேலே வருகிறது என்று கணக்கும் காட்டினார். அந்தக் கணக்கு மட்டும் சரி. மறுப்பதற்கு யாரும் இருக்கவில்லை. செவ்வாய் இரவு கடையில் இருந்தவர்கள் வேறு ஆட்கள், செருப்புத் தேடியவர்கள் வேறு ஆட்கள். இரண்டிலும் இருந்தவன் நான் ஒருவன். எனக்குச் செருப்புக் கிடைத்துவிட்டது, வந்துவிட்டேன்.

ஹசரங்க விசயத்தில் இதைவிடப் பெரிய கைவேலை. 2022 பெப்ரவரியில் பெங்களூரில் நடந்த ஏலத்துக்கு முன்னர் காக்காவின் தீர்ப்பு மும்பை. "மாலிங்க இருந்த வீடு, நம்மட பொடியன உடமாட்டான்." ஹசரங்கவின் விலை 10 கோடி 75 இலட்சத்தில் நிற்கும்போது, ஏலம் நடத்திக்கொண்டிருந்த ஹியூ எட்மீட்ஸ் மேடையிலேயே மயங்கி விழுந்தார். பிறகு சாரு சர்மா வந்து ஏலத்தைத் தொடர்ந்தார். அதே விலைக்குப் பெங்களூர் ஹசரங்கவை எடுத்தது. உலகம் எட்மீட்ஸுக்கு என்ன ஆனதோ என்று பதறியது. நல்ல வேளை, மனிதர் தேறிவிட்டார். காக்காவோ, "ஏலக்காரனே விழுந்தா என்ட கணக்கு விழாதா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஹசரங்க ஹைதராபாத்துக்கு ஒன்றரைக் கோடிக்குப் போனார், ராஜஸ்தானுக்கு 5 கோடி 25 இலட்சத்துக்குப் போனார், கடைசியில் லக்னோவுக்கு 2 கோடிக்குப் போனார். ஒவ்வொரு ஏலத்துக்கும் காக்கா வேறு வேறு அணியைச் சொல்லிவந்ததால், ஏதோ ஒரு வருடம் சொன்னது இன்னொரு வருடம் பலித்துவிடுகிறது. "ராஜஸ்தான் எண்டு நான் முந்தியே சொன்னன். அவனுகளுக்குத்தான் விளங்கச் சுணங்கிப் போச்சு."

இதே ஹசரங்க 2024இல் காயப்பட்டு விலக, அவருடைய இடத்துக்கு யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்தை ஹைதராபாத் கூப்பிட்டது. ஏலமும் இல்லை, கோடிகளும் இல்லை. கிழக்கில் ஒரு காக்காவும் இதைச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எல்லாக் காக்காமாருக்கும் அந்தப் பொடியனை இலங்கையின் எல்பிஎல் போட்டி தொடங்கிய 2020இலிருந்தே தெரிந்திருந்தது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இதற்கென்றே சம்பளம் வாங்கும் அமெரிக்கர்களுக்கும் பிழைக்கத்தான் செய்கிறது. 2009இல் கூடைப்பந்துக்காரர்களின் என்பிஏ தெரிவில் 5ஆம் இடமும் 6ஆம் இடமும் மினசோட்டாவிடம் இருந்தன. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பொயின்ட் கார்ட் இரண்டு பேரை அடுத்தடுத்து எடுத்தார்கள். 7ஆவதாக மிஞ்சிய பொயின்ட் கார்டை கோல்டன் ஸ்டேட் எடுத்தது. அவர் பெயர் ஸ்டீபன் கரி. பின்னாளில் அந்த அணிக்கு நான்கு கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். மினசோட்டாவில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்திருந்தால், "கரியத்தான் நாங்க எடுக்க இருந்த" என்று ஒருவர் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார்.

காக்காவை வெறுக்கவும் முடியாது. 2022இல் பெட்ரோல் வரிசையில் இரவெல்லாம் நின்றபோது, அவர் நின்ற பக்கம் சண்டை வந்ததில்லை. ஏலக்கதை சொல்லி ஆட்களைச் சிரிக்க வைத்தார். அது தீர்ந்ததும், நாளைக்கு எந்தப் பெட்ரோல் செட்டுக்கு பவுசர் வரும் என்று சொல்லத் தொடங்கினார். அவரை நம்பி இடம் மாறி நின்றவர்கள் மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள். போகும்போதும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

ஒன்றுதான் எனக்குச் சிரிப்பாக இல்லை. சந்தாங்கேணி மைதானத்தில் வெயில் தாழ்ந்ததும் நம்மூர்ப் பொடியன்கள் விளையாடுகிறார்கள். அதில் ஒருவன் லெக் ஸ்பின் போடுகிறான், நன்றாகவே போடுகிறான். "ஒருக்கா வந்து பாருங்க காக்கா" என்று அவன் கேட்டான். காக்காவுக்கு நேரமில்லை, சென்னை யாரை விடும் என்று பார்க்க வேண்டியிருந்தது. பத்து அணிகளின் கைக்காசும் இலட்சக்கணக்காக மனப்பாடமான மனிதருக்கு, பக்கத்து ஒழுங்கைப் பொடியன் இடக்கையா வலக்கையா என்று தெரியாது. அவன் பெயரை ஒருநாளும் அவர் வாயால் கேட்டதில்லை. மைதானத்துக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாலே அந்தப் பிள்ளைக்குப் போதும், அதையும் செய்யமாட்டார்.

அடுத்த ஏலத்துக்கு முன்னர் உங்கள் ஊர்க் காக்காவைக் கண்டால் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். வாயால் சொல்ல விடாதீர்கள். ஒரு தாளில் அணியின் பெயரையும் வீரனின் பெயரையும் எழுதச் சொல்லி, திகதி போட்டு, கையெழுத்து வாங்கிக் கடைக்காரரிடம் கொடுத்துவையுங்கள். பேனை இல்லை என்பார். பேனையையும் நீங்களே கொண்டுபோங்கள்.