ஊற்றிக் காட்டும் அண்ணாச்சி

கிருஷ்ணன்கோவில் பக்கம் வீட்டுத் தயாரிப்பு நன்னாரி சர்பத் விற்கும் அண்ணாச்சியிடம் சர்பத் எப்படி என்று கேட்டால், "நல்லாருக்கும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அவரே அடித்து ஒட்டும் லேபிளைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை. "நீங்களே பாருங்க சார்" என்று சொம்புத் தண்ணீரைப் பாட்டில் மேல் ஊற்றுவார், அபிஷேகத்துக்குக் குறையாத பக்தியோடு. ஊற்றிய கையோடு தோள்துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பார். "ஒரு எழுத்து அழிஞ்சிருக்கா?" அழிந்திருக்காது. பத்து விநாடியில் எதுவும் அழியாது. கேள்வித்தாள் தயாரிப்பவரும் எழுதுபவரும் திருத்துபவரும் ஒரே ஆள் என்றால் நூற்றுக்கு நூறுதான். ஒரு ராத்திரி ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்துப் பார்க்கலாமே என்றால் மட்டும் அவருக்கு அவசர வேலை வந்துவிடும். சர்பத் பாட்டில் வாழப்போவதோ அந்தப் பெட்டியில்தான்.

அண்ணாச்சி காவல் காப்பது முன்வாசலை. தண்ணீர் வருவது பக்கவாட்டில். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்கள் பலவற்றில் வண்ண மை என்பது நீரில் கரைந்த சாயம். நீரில் கரைந்து வந்தது நீரைக் கண்டால் மறுபடி கரையத்தான் செய்யும். நிறமித் துகள் மை அப்படியில்லை. கரையாத பொடி தாளின் மேல் தங்கிவிடும். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு அவர் செலோ டேப்பை நம்புகிறார். அதையும் அழகு கருதி தாளின் விளிம்போடு பிளேடால் சீவிவிடுகிறார். வெட்டுவாய் திறந்தே கிடக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலத் தாளின் நார் ஈரத்தை உள்ளே இழுக்கிறது. டேப் பளபளவென்று இருக்க, அதற்கடியில் பச்சை இலை நீலமாகி மஞ்சளாகி ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறது. டேப் நாலு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டு கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். அடுத்து ஹேர் ஸ்பிரே. தலைக்குக் குளித்தால் போய்விட வேண்டும் என்பதற்காகவே செய்த சரக்கு அது! அக்ரிலிக் ஸ்பிரே பரவாயில்லை. ஆனால் மையை நன்றாக உலரவிட்டு, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டும். அண்ணாச்சி சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல ஒரே மூச்சில் அடிப்பார்.

சிவகாசி இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்தே அச்சுத் தொழிலில் பேர் வாங்கிய ஊர். அதைச் சொன்னால், "ஆயிரக்கணக்குல அடிக்கச் சொல்வாங்க, நமக்கு அம்பதுதானே வேணும், தேதி வேற ஒவ்வொரு தடவையும் மாறுது" என்பார். நியாயம்தான். ஐம்பது பாட்டில்காரர் ஆயிரம் லேபிளை வைத்து என்ன செய்வார்? ஆனால் மாறாத விஷயங்களை மொத்தமாக அடித்து வைத்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டால் போதும். அதுவும் வேண்டாமா? கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் ஜெராக்ஸ் கடைக்குப் பஞ்சமில்லை. லேசர் பிரிண்டின் டோனர் என்பது சூட்டில் உருகித் தாளோடு ஒட்டும் பிளாஸ்டிக் பொடி, தண்ணீருக்குக் கரையாது. பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஷீட்டில் எடுத்தால் ஊறுவதற்குத் தாளும் இல்லை. "நானே பண்ணதுன்னு ஒரு திருப்தி" என்பது அவருடைய கடைசி வாதம். அந்தத் திருப்தியைக் குறை சொல்ல மனம் வராது. சிக்கனத்தைவிட ஆசைதான் அதில் அதிகம்.

ஆனால் பாட்டிலை வாங்கிப் போகிறவருக்கு அந்தத் திருப்தியால் என்ன லாபம்? உணவுப் பொருளின் லேபிள் விவரங்கள் தெளிவாகவும் அழியாமலும் இருக்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகள். தயாரித்த தேதி கரைந்துபோன சர்பத்தைக் குழந்தைக்குக் கொடுப்பதா, கொட்டுவதா? இது சிரிக்கிற விஷயமில்லை. தேதி போய், சேர்மானம் போய், நன்னாரிப் படமும் போன அந்த லேபிளில் ஒன்று மட்டும் அசையாமல் நிற்கும்: போன மாதம் விலை ஏற்றியபோது அண்ணாச்சி பால்பாயின்ட் பேனாவால் அடித்துத் திருத்திய ரூபாய்.