குஸ்கா கைவிடாது

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நாலு பேரும் திண்டுக்கல் போய் பிரியாணி சாப்பிட்டு வந்தால், மாசக் கடைசி வரை பர்ஸ் பட்டினி கிடக்கிறது. சிக்கனமாக வெளியே சாப்பிட வழி உண்டா?
- ஒரு வாசகர், ரெட்டியார்சத்திரம்

பதில்: இருக்கிறது, அதன் பெயர் குஸ்கா, அதாவது கறித்துண்டு இல்லாத பிரியாணிச் சோறு! திண்டுக்கல் பிரியாணியின் உயிர் சீரகச் சம்பாவில் இருக்கிறது. அந்தப் பொடி அரிசி கறியின் சாறு முழுவதையும் குடித்துவிட்டுத்தான் இலைக்கு வருகிறது. இரண்டு மட்டன் பிரியாணி, இரண்டு குஸ்கா வாங்கி நாலு பேரும் பகிருங்கள். கறித்துண்டுக்குச் சண்டை வந்தால் வரட்டும், அதுவும் குடும்பம்தானே!

1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ்தான் பிறகு ஊர் ஊராகக் கிளை விட்ட தலப்பாக்கட்டி. அதை ஆண்டுக்கு ஒருமுறை, பிறந்தநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஞாயிறுகளுக்குச் சின்னக் கடைகள் போதும். பகல் பன்னிரண்டுக்கு முன்பே போய்விட்டால் தம் உடைத்த சூட்டோடு கிடைக்கும்.

சென்னைக்குப் போனால் அம்மா உணவகம். 2013-இல் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கியது. அங்கே வரிசையில் நிற்கக் கூச்சமே வேண்டாம். பசித்த உழைப்பாளிக்கு ஓர் அரசு செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

பர்ஸ் முழுக்கக் காலியா? திண்டுக்கல் பஸ்ஸை விட்டுவிட்டு எதிர்த்திசையில் பழனி பஸ் ஏறுங்கள். மலைக்கோயிலில் 2012 முதல் நாள் முழுக்க அன்னதானம். பஸ் காசை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.