அசல் நீ எங்கடா இருக்க, பேராண்டி?

ஏண்டா பேராண்டி, நீ யாருன்னு தேடிக்கிட்டு இருக்கியாமே? ஒங்காத்தா போன்ல ஒரே பொலம்பல். தி.நகர்ல ஏதோ முகாமாம், உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்க ‘அசல் நீ’யைக் கண்டுபுடிச்சுத் தருவாங்களாம். தீவாளிக்கு முந்துன ஞாயித்துக்கெழம ரங்கநாதன் தெருவுல பூந்து வந்தா, கையில இருக்க பையே நம்மளுதானான்னு சந்தேகம் வந்துரும். அங்க போயா தேடுற?

அசல தூக்கிக் கையில கொடுத்தும் வேணாம்னு போன ஒருத்தரத் தெரியும் எனக்கு. அடையாறுல ஒன் சித்தப்பன் வீட்டுல கெடந்தப்ப, வெயிலுக்கு ஒதுங்க வசந்த விகார் லைப்ரரிக்குப் போவேன். பேன் காத்துக்குப் போனவன் கையில பொஸ்தகம் ஒட்டிக்கிச்சு.

1909-ல மதனப்பள்ளிக்காரர் நாராயணய்யா, பென்சன் வாங்குன மனுசன், புள்ளைகளோட அடையாறு பிரம்மஞான சபைக்கு வேலைக்கு வந்தாரு. அதுல கிருஷ்ணமூர்த்தின்னு ஒரு பய. மயிலாப்பூர் பள்ளிக்கூடத்துல பாடம் ஏறாது, வாத்தியார் பெரம்புதான் ஏறும். அந்தப் பயல அடையாறு கடற்கரையில பாத்துட்டு லெட்பீட்டர்ங்கிற வெள்ளக்காரரு, ஒலகத்துக்கே குரு இவந்தான்னாரு. ஒரே பய, வாத்தியாருக்கு மக்கு, தொரைக்கு மகான். 1911-ல அவனுக்குன்னு ஒரு சங்கமே ஆரம்பிச்சு, சீமைக்கும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. புள்ளையத் திருப்பிக் கொடுன்னு அப்பங்காரரு சபைத் தலைவி அன்னி பெசன்ட் அம்மா மேல கேஸ் போட்டு மெட்ராஸ் ஐகோர்ட்டுல செயிச்சாரு, லண்டன் பிரிவி கவுன்சில்ல தோத்தாரு. பயகிட்ட நீ யாருன்னு ஒருத்தரும் கேக்கல.

1925 நவம்பர்ல தம்பி நித்யானந்தா செத்துட்டாரு. ஒண்ணும் ஆகாதுன்னு முழுசா நம்பியிருந்த அண்ணனுக்குக் கப்பல்ல போகையில தந்தி. மனுசன் ஒடஞ்சு அழுதாரு. அடுத்த மாசம் அடையாறு ஆலமரத்தடியில கூட்டம். வரப்போற குருவ ‘அவர்’னு பேசிக்கிட்டிருந்தவரு, பாதியில ‘நான்’னுட்டாரு. சனம் சிலுத்துப் போச்சு.

கெடச்சிருச்சே, வச்சுக்கிட்டிருக்கலாம்ல? 1929 ஆகஸ்ட் 3, ஹாலந்துல ஓமன்கிற ஊர்ல, சுமார் 3,000 பேருக்கு முன்னால அந்தச் சங்கத்தையே கலைச்சுட்டாரு. நன்கொடையா வந்த கோட்டை, நெலம் எல்லாம் கொடுத்தவங்களுக்கே போச்சு. அப்புறம் 1986 சனவரி வரைக்கும் இந்த வசந்த விகார்லயும் ஒக்காந்து குரு வேணாம், குரு வேணாம்னாரு. சனம் முன்கூட்டியே வந்து எடம் புடிச்சு, ஆமாங்க குருவேன்னு தலையாட்டுச்சு. நம்மூரு ராசி அப்புடி.

அந்த ஆலமரமும் 1989 புயல்ல தாய்மரம் சாஞ்சு போயி, இப்ப விழுதுலதான் நிக்குது. ஒன் அசல் எதுன்னு அதுகிட்டப் போயிக் கேளு, காக்கா எச்சந்தான் பதில்.

ஒன் சங்கதிக்கு வாரேன். ஆபீசுல இங்கிலீசு, மயிலாப்பூர் மாடவீதி மெஸ்ல ‘வாங்கோ’, எங்கிட்ட மட்டும் ‘என்ன அப்பு’. இதுல நெசம் எதுன்னு தெரியலங்கிற. மூணும் நீதான்டா, யாரு வேணாம்னா? தெரியாம இருந்தாத்தானே தேடணும்? ஒனக்கு நல்லாத் தெரியும், வெளிய சொல்லத்தான் கூசுது. கூட வேல பாக்குற பொண்ணு சொந்த ஊரு எதுன்னு கேட்டதுக்குத் திருச்சின்னியாமே? திருச்சியில எறங்கி ரெண்டு பஸ் மாறணும்டா நம்மூருக்கு. ஒங்கப்பன் கெடா மேய்ச்ச காசுலதான் நீ கம்ப்யூட்டர் படிச்ச, அந்தக் கெடாவுக்கே அது தெரியும்.

கோட்டையையே திருப்பிக் கொடுத்த ஆளு நடமாடுன ஊருல இருக்க. முகாமுக்குக் கட்டுன முன்பணத்தத் திருப்பிக் கேளு. தரலேன்னா போயிட்டுப் போகுது, திங்கக்கெழம அந்தப் பொண்ணுகிட்ட ரெண்டு பஸ் கணக்க மட்டும் சொல்லிரு.