தறிக்குழியில் ஒரு கார் பந்தயம்

என்னிடம் கார் இல்லை. டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று இருக்கிறது. அதில் நான் தொட்ட உச்ச வேகம் செவிலிமேடு பாலத்தில், பின்காற்றின் தயவில் கிடைத்தது. ஆனால் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்று இருக்கிறதே, 20.8 கிலோமீட்டர், அதில் எந்த வளைவுக்கு எந்த கியர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எழுப்பாமலே சொல்கிறேன் என்பது என் மனைவியின் புகார்.

பந்தய விளையாட்டு என்றதும் பலர் ரோடு ராஷ் காலத்துக்குப் போய்விடுகிறார்கள். அதில் பக்கத்து பைக்காரனைச் சங்கிலியால் விளாசிவிட்டு நம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். சிமுலேஷன் வேறு ரகம். ரோமுக்குப் பக்கத்தில், வல்லெலுங்கா பந்தயப் பாதையை ஒட்டியே அலுவலகம் போட்டிருந்த குனோஸ் நிறுவனம் 2014இல் அசெட்டோ கோர்சா என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. அதில் டயருக்குச் சூடு உண்டு, காற்றழுத்தம் உண்டு, பெட்ரோல் தீரத் தீர வண்டியின் எடை குறைவதுகூட உண்டு. டயர் சூடேறுவதற்குள் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் ஆசையாக மிதித்துவிட்டால் போதும், கார் தட்டாமாலை சுற்றி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நிற்கும். இவ்வளவு கறாரான வாத்தியாரிடம் ஒரே ஒரு வளைவுக்காவது ‘சரி’ வாங்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை பாடு.

பட்டுச்சேலை ஊரான காஞ்சிபுரத்துக்காரனுக்கு இது எதற்கு என்று கேட்பவர்களிடம் மாவட்ட வரைபடத்தைப் பிரித்துக் காட்டுவேன். ஶ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயப் பாதை 1990 முதல் அங்கே இருக்கிறது. 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். அதற்கு முன்னால் சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் விரட்டிக்கொண்டிருந்தார்கள். இருங்காட்டுக்கோட்டையிலேயே ஹூண்டாய் தொழிற்சாலை. ஒரகடத்தில் ரெனோ, நிசான் கார்கள் தயாராகின்றன. எங்கள் தெருவில் தறியை விட்ட வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறி அந்தப் பக்கம்தான் போகிறார்கள். ஆக, எங்கள் மாவட்டத்தில் கார் செய்கிறோம், பந்தயமும் விடுகிறோம். ஊருக்குள்தான் ஓட்ட முடியாது. முகூர்த்த நாளில் காந்தி ரோட்டில் இரண்டாவது கியர் என்பதே ஆடம்பரம்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி 991 பிரிவில் மூன்றாவதாக வந்தது எனக்குப் பெரிய உபகாரம். அதுவரை “இந்த வயசுல விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கு” என்றவர்களிடம், “அவருக்கு ஐம்பத்து மூணு” என்று ஒரு வரியில் வாயடைக்க முடிந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் வீட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு, ஸ்டீயரிங் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிட்டேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே விலை அதிகமானதை முதலில் எடுத்து மேஜைமேல் வைத்தார். நான் ஒரு பட்டு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிப் பிழைப்பவன். கல்யாணக் கோஷ்டி உள்ளே நுழைந்ததும் எந்தப் புடவையை முதலில் விரிக்க வேண்டும் என்பது எங்கள் கடையில் டீ வாங்கிவரும் பையனுக்கும் தெரியும். ஆகவே, “அழகா இருக்குங்க, அடுத்தது காட்டுங்க” என்றேன். அவருக்கும் புரிந்துவிட்டது. அதன்பிறகு இருவரும் மனிதர்களாகப் பேசினோம்.

ஸ்டீயரிங்கில் மூன்று வகை. உள்ளே இருக்கும் மோட்டாரின் சக்தி பல்சக்கரம் வழியாக நம் கைக்கு வருவது ஒன்று, பெல்ட் வழியாக வருவது ஒன்று, இடையில் தரகரே இல்லாமல் மோட்டாரின் தண்டிலேயே சக்கரத்தை மாட்டியிருப்பது ஒன்று. கடைசி வகைக்கு டைரக்ட் டிரைவ் என்று பெயர். பாதையின் மேடு பள்ளம், டயர் வழுக்குவது எல்லாவற்றையும் மோட்டார் கைக்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனை ஏற்பாடு. லாஜிடெக் ஜி29 பல்சக்கர ரகம். 2015இல் வந்தது, இன்றும் விற்கிறது. வேகமாகத் திருப்பினால் கடகடவென்று சத்தம் போடும். தறிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவனை, ராத்திரியில் கடகட சத்தம் கேட்கிறது என்று சொல்லி யாரும் பயமுறுத்த முடியாது.

மோசா ஆர்5 என்ற டைரக்ட் டிரைவைக் காட்டி, “5.5 நியூட்டன் மீட்டர் சார்” என்றார். எங்கள் கடையில் “இதுல அரைக்கிலோ ஜரிகை இருக்கும்மா” என்று சொல்கிற அதே குரல். நான் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். 28 சென்டிமீட்டர் சக்கரத்தின் விளிம்பில் அது சுமார் நாலு கிலோ இழுப்பு. ஜி29 தருவது ஒன்றரைக் கிலோ சொச்சம். நாலு கிலோவோடு மல்லுக்கட்டுவது சுகமான அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஜி29ஐப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு செலவாகும். ஜி29ஐ வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மிச்சத்தை என்ன செய்வது என்று அப்போது தெரியாது. அதைச் சொன்னவர் அப்பா.

அதற்கு முன் நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த விளம்பரத்திலும் நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை இராது. பந்தயத்தில் பிரேக்கை மென்மையாகத் தடவக் கூடாது, முதலில் ஓங்கி மிதிக்க வேண்டும். பார்முலா ஒன் ஓட்டுநர்கள் நூறு கிலோவுக்கு மேல் அழுத்தம் கொடுக்கிறார்கள். நான் அதில் கால்வாசி கொடுத்தேன். என் நாற்காலியில் ஐந்து உருளை. முன்னூறு கிலோமீட்டர் வேகத்தில் மோன்சா பந்தயப் பாதையின் முதல் வளைவுக்கு பிரேக் மிதித்தேன். கார் நின்றதோ இல்லையோ, நான் பின்னோக்கிப் புறப்பட்டு, கூடத்தைக் கடந்து, அரிசி மூட்டையில் போய் நின்றேன். உருளை இல்லாத பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறினேன். இப்போது நான் நகரவில்லை, மிதிகள் எனக்கு முன்னால் நகர்ந்து கட்டிலுக்கடியில் போயின.

திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் அப்பா. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து பிணைக்கும் கோர்வைச் சேலையை நாற்பது வருஷம் நெய்தவர். முட்டி தேய்ந்து தறியை விட்டாயிற்று. தறியைப் பிரித்துப் பரணில் ஏற்றியாயிற்று. குழி மட்டும் கூடத்தில் பலகை மூடிக் கிடந்தது.

“டேய், காலை முன்னால தள்ளுனா பின்னாலதான் போவே. குழியில எறங்கி உக்காருடா” என்றார்.

பலகையை எடுத்தோம். உள்ளே ஒரு பழைய நாடா, என் மகள் காணாமல் அடித்த பந்து, இரண்டு தவளை. சுத்தம் செய்து, நெய்பவர் உட்காரும் பலகையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டேன். மிதிகளைக் குழியின் தரையில் வைத்து எதிர்ச்சுவரில் முட்டுக்கொடுத்தோம். படமரத்தைத் தாங்கிய கட்டைகள் இன்னும் உறுதியாகத்தான் நின்றன. அவற்றின் மேல் ஒரு தேக்குப் பலகை, பலகையில் ஸ்டீயரிங். ஓங்கி மிதித்தேன். நானும் நகரவில்லை, மிதியும் நகரவில்லை. வெளிநாட்டில் இதற்காக அலுமினியச் சட்டம் போட்ட இருக்கை விற்கிறார்கள். அதன் விலையை அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஒரு சிறு குறை உண்டு. பார்முலா காரில் ஓட்டுநரின் கால் இடுப்பு மட்டத்துக்கு நீண்டிருக்கும். தறிக்குழியில் கால் கீழே தொங்குகிறது. எந்தக் காரை ஓட்டினாலும் உடம்புக்கு அது லாரிதான்.

பிறகு அப்பாவை உட்காரவைத்தேன். பிரேக்கை மெல்ல நாலைந்து முறை மிதித்துப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “இது கால் எவ்வளவு தூரம் போச்சுன்னு பாக்குதா, எவ்வளவு அழுத்துறேன்னு பாக்குதா?”

யூடியூபில் வெள்ளைக்காரர்கள் அரை மணி நேரம் பேசி வந்து சேருகிற இடம் இது. ஜி29இன் பிரேக், மிதி எவ்வளவு தூரம் இறங்கியது என்பதைத்தான் அளக்கிறது. லோடு செல் உள்ள பிரேக், எடை மெஷினைப்போல அழுத்தத்தை அளக்கும். காலுக்குத் தூரம் நினைவில் நிற்காது, அழுத்தம் நிற்கும். வளைவுக்கு முன் ஓங்கி மிதித்து, ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப பிரேக்கை இழை இழையாக விட வேண்டும். அப்போதுதான் எடை முன் டயர்களில் தங்கி, கார் சொன்ன பக்கம் திரும்பும். மொத்தமாக விட்டால் நேராகப் போய்ச் சுவரில் முட்டும். இந்த இழை இழையாக விடுகிற வித்தை தறி மிதித்த அப்பாவின் காலில் இருந்தது. என் காலில் இல்லை. ஜி29இன் பிரேக்கிலும் இல்லை.

மிச்சம் பிடித்த பணம் லோடு செல் மிதிகளுக்குப் போயிற்று. கணினியில் விளையாடுபவர்களுக்கு இதில் ஒரு வசதி: ஸ்டீயரிங் ஒரு கம்பெனி, மிதி வேறு கம்பெனி என்று தனித்தனி யூஎஸ்பியில் செருகிக்கொள்ளலாம். பிளேஸ்டேஷன்காரர்களுக்குப் பெரும்பாலும் இந்தச் சம்பந்தம் ஒத்துவராது. சாதனம் வாங்குவதில் என் தீர்ப்பைக் கேட்டால், காசை முதலில் பிட்டத்துக்கும் அடுத்து பாதத்துக்கும் செலவழிக்க வேண்டும், மீந்தால் கைக்கு. கடைகளில் தலைகீழாக விற்கிறார்கள், ஏனென்றால் புகைப்படத்தில் ஸ்டீயரிங்தான் அழகாக விழுகிறது.

அம்மாவின் கவலை வேறு. “இதுல ஏதாவது வரும்படி உண்டாடா?” ஜான் மார்டன்பரோ கதையைச் சொன்னேன். கிரான் டூரிஸ்மோ விளையாடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் பையன். 2011இல் விளையாட்டுப் போட்டியில் ஜெயித்து நிஜக் காரில் ஏறினான். இரண்டே வருஷத்தில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம். படமாகக்கூட எடுத்துவிட்டார்கள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “போட்டியில ஜெயிச்சப்ப அந்தப் புள்ளைக்கு என்ன வயசு?” என்றாள். பத்தொன்பது. அம்மா அரிசி களைய எழுந்து போய்விட்டாள்.

இணையப் பந்தயங்களில் நான் எட்டாவது, ஒன்பதாவது வருவதுண்டு. முதல் வளைவிலேயே பாதிப் பேர் ஒருவர்மேல் ஒருவர் ஏறி வெளியேறிவிடுவார்கள். மீதிப் பேருக்குப் பின்னால் நான் நிதானமாக வந்து சேருவேன். 2005இல் இண்டியானாபோலிசில் டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் நாலாவதாக வந்தார். ஐந்து புள்ளி கிடைத்தது. மற்றவர்கள் ஏன் ஓடவில்லை என்பது புள்ளிப்பட்டியலில் வராது.

அப்பா பந்தயம் விடுவதில்லை. அவருக்குச் செக் நாட்டுக்காரர்கள் செய்த யூரோ டிரக் சிமுலேட்டர்தான் பிடிக்கிறது. ஐரோப்பா முழுக்க லாரியில் பாரம் ஏற்றிப்போய் இறக்க வேண்டும். பாரம் பத்திரமாகப் போனால் முழுக் கூலி. சேதாரம் ஆனால் பிடித்தம். “நம்ம முதலாளி மாதிரியேதான்” என்று சொல்லி, அன்றிலிருந்து ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறார். ஆளில்லாத சாலையிலும் இண்டிகேட்டர் போடுகிறார். கோர்வை நெசவில் கரைப்பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளியவள் அம்மா. இப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து, “லைட்டு செவப்பு, செவப்பு” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். வரும்படிப் பேச்சு நின்றுவிட்டது.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் எல்லாவற்றுக்கும் விடுமுறை. அடைமழையில் தறிக்குழிகளில் தண்ணீர் ஊறும். நெசவாளர்களுக்கு அந்த மாதங்களில் தொழில் நின்று போவது பழைய துன்பம். லோடு செல்லுக்கும் தண்ணீர் ஆகாது. மிதிகளைத் துணியில் சுற்றி, பரணில் தறிக்குப் பக்கத்திலேயே ஏற்றிவிடுகிறோம்.

வீட்டைப் புதுப்பிப்பவர்கள் இப்போதெல்லாம் முதல் வேலையாகத் தறிக்குழியில் மண் கொட்டி டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை மறுபடியும் நெய்யலாம், இல்லை மோன்சாவில் பிரேக் பிடிக்கலாம். இரண்டுக்கும் குழி ஒன்றுதான். தண்ணீர் இறைக்க ஒரு வாளி மட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.