ஞாயிற்றுக்கிழமைச் சக்கரபாணி

மோட்டார் கார் வைத்திருக்கும் கனவான்களில் பிரயாணத்துக்காக வைத்திருப்பவர், பிரதாபத்துக்காக வைத்திருப்பவர் என்று இரு திறத்தார் உண்டென்பது உலகம் அறிந்த விஷயம். ஆனால் காரை அதன் சக்கரங்களுக்காகவே வைத்துக் காப்பாற்றும் மூன்றாம் திறத்தார் நமது நகரங்களில் அண்மையில் தோன்றியிருக்கிறார்கள். சென்னை பெசன்ட் நகரில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில், ஞாயிறு காலை ஆறரை மணிக்கே மணைப்பலகை போட்டு, முன் சக்கரத்துக்கு எதிரே வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் அத்தகையவர் ஒருவரைத் தரிசிக்கலாம். அவர் பெயர் எதுவாயினும் ஆகுக. நாம் அவரைச் சக்கரபாணி என்றே அழைப்போம்.

கம்பெனியார் பொருத்தி அனுப்பிய அலாய் சக்கரங்களின் மீது கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு ஒன்று இருந்தது. அது இருக்கும்வரை சோப்புத் தண்ணீரும் ஒரு மெல்லிய துணியுமே போதும். ஒரு காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்துவிடுவதைச் சகிக்க மாட்டாத சக்கரபாணி, பெயின்ட் ரிமூவரைத் தடவிப் பூச்சை உரித்தெடுத்தார். வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, 400-இல் தொடங்கி 600, 800, 1000, 1500 என்று படிப்படியாக ஏறி 2000-இல் போய் நின்றார். முந்தைய தாளின் கீறலை அடுத்த தாள் அழிக்க வேண்டும்; நடுவே ஒரு படியைத் தாண்டிக் குதித்தவனுடைய அவசரத்தைப் பளபளப்பு ஏறிய பிறகு வெயில் வரிவரியாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர் சொல்லும்போது, குரலில் தர்மோபதேசத்தின் கம்பீரம் தொனிக்கும்.

பாலிஷ் பசையைப் பனியன் துணியில் பயற்றளவு எடுத்து, ஆரக்கால்களுக்கு இடையே சுண்டுவிரலை வளைத்து நுழைத்து அவர் தேய்க்கத் தொடங்கினால், துணி கன்னங்கரேலென்று கறுக்கும். அதை அழுக்கு என்று சொல்லிவிட்ட வாட்ச்மேனுக்கு, அழுக்கல்ல, தேய்ந்து வரும் உலோகமே அது என்று அரை மணி நேரம் வியாக்கியானம் நடந்தது. கருமை படிந்த இடத்தைச் சுத்தமான துணியால் ஒரு தடவை துடைத்ததும், உள்ளிருந்து அவருடைய திருமுகமே, மூக்கு மட்டும் சற்றுப் பெரிதாக, அவரைப் பார்த்துப் புன்னகை செய்யும். அந்த ஒரு கணத்துக்காகவே அத்தனை பிரயாசையும்.

வீட்டிலுள்ள பழைய பல் பிரஷ்கள் யாவும் நட்டுக் குழிகளைத் துலக்கும் கைங்கரியத்துக்கு அர்ப்பணமாகிவிட்டன. பழையவை தீர்ந்த வாரங்களில் புதியவற்றுக்கும் அகால மூப்பு சம்பவிப்பதுண்டு. பனியன் கிழிந்தால் மற்றவர் வருந்துவர், அவர் மகிழ்வார்.

ஒரு ஞாயிறன்று அவருடைய தர்மபத்தினி, அடிப்பிடித்துக் கறுத்த கடாய் ஒன்றைக் கையில் ஏந்திக் கீழே இறங்கி வந்தார்.

“ஏங்க, அதுவும் அலுமினியம், இதுவும் அலுமினியம்தானே? கையோட கையா இதையும் தேய்ச்சுக் குடுத்தா என்னவாம்?”

“அப்படிச் சொல்லாதே. அது வெறும் அலுமினியம். இது நூத்துக்கு ஏழு பங்கு சிலிக்கனும் துளி மக்னீசியமும் சேர்த்து வார்த்தது” என்று எழுந்து நின்றே பதில் சொன்ன சக்கரபாணி, அத்துடன் நில்லாமல், 1886-இல் அமெரிக்காவில் ஒருவரும் பிரான்ஸில் ஒருவரும் மின்சாரத்தால் அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்க வழி கண்டதையும், அதற்கு முன்பு அது ராஜாக்களின் விருந்து மேஜைக்கு மட்டுமே உரிய அருமையான உலோகமாயிருந்ததையும் சவிஸ்தாரமாக எடுத்துரைத்தார்.

“அப்ப அந்தக் காலமா இருந்தா, இந்தக் கடாயையும் நீங்களே தேய்ச்சிருப்பீங்க” என்று சொல்லிவிட்டு அம்மையார் மாடியேறிப் போனார்.

பிரேக் போட்டால் வார்ப்பிரும்புத் தட்டும் பட்டையும் உராய்ந்து எழும் கருந்தூள் சக்கரத்தில் வந்து படியும், அதிலும் முன் சக்கரங்களில் மிகுதியாகப் படியும் என்பதால், சிவப்பு விளக்கு விழப்போவதை அரை பர்லாங்குக்கு முன்பே ஊகித்து, பிரேக்கை மிதிக்காமலே வண்டியைத் தவழவிட்டு நிறுத்தும் வித்தையில் அவர் தேர்ந்தவர். பின்னால் வருபவர்களின் ஹாரன் ஓசை அவர் செவியில் ஏறாது. ஐப்பசி, கார்த்திகையில் வண்டி வெளியே வராது. மைத்துனன் கல்யாணத்துக்குக் குடும்பம் ஆட்டோவில்தான் போயிற்று. இவ்வளவுக்கும், பூச்சை இழந்த அலுமினியம் கடற்கரை உப்புக்காற்றில் மங்கிப்போக வெகுகாலம் பிடிக்காது என்பது அவருக்குத் தெரியாததல்ல. மறுபடியும் வார்னிஷ் அடித்துவிடலாமே என்று யோசனை சொன்ன நண்பரிடம், “அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறதாம்?” என்று கேட்டார்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் காரில் கம்பெனிப் பூச்சு அப்படியே இருக்குமானால் சோப்புத் தண்ணீரோடு திருப்தியடையுங்கள். சக்கரம் சூடாயிருக்கையில் மட்டும் கழுவாதீர்கள். சக்கரபாணியைக் கண்டால் தாராளமாகப் புகழுங்கள், தோஷமில்லை. ஆனால் நான்கு சக்கரங்களையும் சேர்த்தே புகழுங்கள். “முன் சக்கரம் பிரமாதம்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டீர்களானால், மற்ற மூன்றையும் அதற்கு ஈடாக்காமல் அவர் எழுந்திருக்கமாட்டார். அந்த வீட்டில் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போன பாவம் உங்களைத்தான் சேரும்.